ஊருக்குக் கிளம்பும் நாளில் வடசென்னை: சாப்பாடும் உடம்புக்கு ஓய்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயிலோ விமானமோ இரவில்தான். அறையைக் காலையிலேயே காலி செய்தாக வேண்டும். நடுவில் ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது. அந்தப் பகலை வடசென்னையில் நன்றாகச் சாப்பிட்டு, உடம்பையும் கொஞ்சம் கவனித்துக்கொண்டு கழிக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. காசிமேட்டிலிருந்து சென்ட்ரல் வரை உள்ள பகுதியைத்தான் கணக்கில் எடுத்திருக்கிறோம்: ராயபுரம், வண்ணாரப்பேட்டை, மண்ணடி, பாரிமுனை, பூக்கடை, சவுகார்பேட்டை, பெரியமேடு.

ஒரு நாளை எந்த வரிசையில் வைத்துக்கொள்வது?

இங்கே எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி என்பதுதான் முக்கியம். விடியற்காலையில் காசிமேட்டு மீன். 7 முதல் 10 வரை நாஷ்டா. பகல் 12-க்குப் பிரியாணி. மாலை 5-க்கு மேல் அத்தோ எனும் பர்மா நூடுல்ஸ். விளக்கு வைத்த பிறகு சவுகார்பேட்டை. பிற்பகல் 2 முதல் 5 வரை சாப்பிடுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது, வெயிலும் அப்போதுதான் கொளுத்தும். சலூன், பார்லர், மசாஜ் எல்லாவற்றுக்கும் உரிய நேரம் அதுதான்.

பலர் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். காலையில் பார்லருக்குப் போய்விட்டு மதியம் சவுகார்பேட்டைக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் அது மொத்த வியாபாரத் தெரு. மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டியும் தள்ளுவண்டியும் இடித்துக்கொண்டு போகும், சாட் வண்டிகள் பாதிக்கு மேல் வந்திருக்காது. பசியோடு சுற்றிவிட்டு, கண்ணில் பட்டதைத் தின்றுவிட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான்.

இன்னொன்று: வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு மசாஜ் மேசையில் குப்புறப் படுக்கக் கூடாது. சாப்பாட்டுக்கும் மசாஜுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். 12-க்குச் சாப்பிட்டால் 2-க்கு முன்னால் எங்கும் படுக்க வேண்டாம்.

பெட்டி படுக்கையை எங்கே வைப்பது?

ரயிலில் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் கிளோக் ரூம்தான் சரி. டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பெட்டி பூட்டியிருக்க வேண்டும். முதுகுப்பை, துணிப்பை என்று பூட்டு இல்லாமல் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் ஜிப்பில் மாட்டுகிற சின்னப் பூட்டு ஒன்றை முதல் நாளே வாங்கி வையுங்கள். தின்பண்டம் எதையும் உள்ளே வைக்காதீர்கள், எலி வரும். ரசீதை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை வைப்பதற்கு முன் டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று இன்னொரு முறை பாருங்கள். மதுரை, திருநெல்வேலிப் பக்கம் போகிற ரயில்கள் பெரும்பாலும் எழும்பூரிலிருந்து கிளம்பும், கோவை, பெங்களூர்ப் பக்கம் போகிறவை சென்ட்ரலிலிருந்து. பெட்டி சென்ட்ரலில், ரயில் எழும்பூரில் என்று கடைசி அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்வது கொடுமை.

எத்தனை மணிக்குச் சவுகார்பேட்டையை விட்டுக் கிளம்ப வேண்டும்?

சென்ட்ரலுக்கு என்றால் மின்ட் தெருவின் தெற்குப் பகுதியிலிருந்து நடந்தே போய்விடலாம், இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். மாலை 6-லிருந்து 8 வரை வால்டாக்ஸ் சாலையில் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பதைவிட நடை பெரும்பாலும் வேகம். கிளோக் ரூம் வரிசைக்கு இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விமானத்துக்கு மெட்ரோவை நம்பலாம். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரே நீல வழித்தடம், எங்கும் மாற வேண்டியதில்லை. மண்ணடியிலோ உயர் நீதிமன்றம் நிலையத்திலோ ஏறினால் முக்கால் மணி நேரப் பயணம். நடை, சோதனை, வண்டிக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். உள்நாட்டு விமானம் என்றால் அதற்கு மேல் 2 மணி நேரம், வெளிநாடு என்றால் 3 மணி நேரம். இரவு 11-க்குமேல் மெட்ரோவை நம்பாதீர்கள்.

தென்மாவட்ட அரசுப் பேருந்து என்றால்தான் கவனம் அதிகம் தேவை. 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்துதான் அவை கிளம்புகின்றன. அது வண்டலூரைத் தாண்டி இருக்கிறது. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி வண்டலூரில் இறங்கி அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிப்பது என்றால் மொத்தம் இரண்டு மணி நேரம். ஆந்திரப் பக்கம் போகிறவர்களுக்குக் கவலையில்லை, மாதவரம் பேருந்து நிலையம் வடசென்னையிலேயே இருக்கிறது.

காசிமேட்டுக்குக் கடைசி நாளில் போவதில் அர்த்தம் இருக்கிறதா? சமைக்க இடம் இல்லையே.

பார்ப்பதற்காகவே போகலாம். விடியற்காலை 5 மணி வாக்கில் படகுகள் வந்து, ஏலம் நடந்து, கூடை கூடையாகக் கைமாறுகிற காட்சி வேறெங்கும் கிடைக்காது. ஞாயிறன்று கூட்டம் நெரியும், வார நாள் நல்லது. தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் ஓடும். கழுவக்கூடிய ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், துணி ஷூ போட்டுப் போனால் இரவு ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் உங்களை மன்னிக்க மாட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது சின்ன ஃபைபர் படகுகள் கொண்டுவருகிற மீன்தான் புதுசு. பெரிய வஞ்சிரம் கண்ணில் பட்டால் வெளியூரிலிருந்து ஐஸில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம், விலையும் ஏறியிருக்கும்.

சென்னையிலேயே உறவினர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வாங்குகிறீர்களா? செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பு என்றால் வேண்டாம். கண் துருத்திக்கொண்டு பளபளவென்று இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை மீள வேண்டும். மீன் வெட்டுகிற அக்காக்கள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள், கூலி தனி. குழம்புக்கா வறுவலுக்கா என்பதை வெட்டத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். குழம்புக்குத் தடிமனாக, வறுவலுக்கு அரை விரல் கனத்தில் வெட்டுவார்கள். வெட்டிய பின் சொல்லிப் பயனில்லை.

ஊருக்கு எடுத்துப்போக என்றால் பச்சை மீனை விட்டுவிட்டுக் கருவாடு வாங்குங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்லியிருக்கிறோம்.

காலை நாஷ்டாவுக்கு என்ன?

ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் கிடைத்தால் அதுதான். 9 மணிக்குள் போனால் எலும்பில் சதை இருக்கும், அதற்குமேல் தண்ணீர் சேர்த்த மிச்சம்தான் கிடைக்கும். சைவத்துக்கு இட்லி, வடகறி. எதுவானாலும் முக்கால் வயிறோடு எழுந்துவிடுங்கள். நாள் நீளமானது.

கிளம்புகிற நாள் காலையில் எண்ணெய்க் குளியல் எடுத்தால் நன்றாக இருக்குமே?

எடுக்கலாம். ஆனால் அன்றைக்குப் பிரியாணியும் லஸ்ஸியும் குல்ஃபியும் வேண்டும் என்றால் வேண்டாம். எண்ணெய் தேய்த்த நாளில் குளிர்ச்சியானதும் வயிற்றுக்குக் கனமானதும் ஆகாது, பகல் தூக்கம் கூடாது என்பதுதான் நம் வீடுகளில் வழிவழியாக வரும் வழக்கம். மிளகு ரசமும் துவையலும் சாப்பிட வேண்டிய நாளில் சுண்டக் காய்ச்சிய பால் இனிப்பான ரப்டியை ஊற்றினால் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறோம். ஆகவே முந்தின நாள் வையுங்கள். ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று கிழமை பார்ப்பவர்கள் அதையும் முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அறையிலேயே செய்துகொள்ள: நல்லெண்ணெய் நான்கைந்து மேசைக்கரண்டி ஒருவருக்குப் போதும். அதில் இரண்டு மிளகு, ஒரு சிட்டிகை சீரகம் போட்டு, பொரிந்ததும் அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். உச்சந்தலையில் முதலில் வைத்து, பிறகு காது மடல், கழுத்து, முதுகு, மூட்டு, கடைசியாக உள்ளங்கால். இருபது முதல் முப்பது நிமிடம் ஊறினால் போதும், ஒரு மணி நேரம் ஊறினால் சளி பிடிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். சீயக்காயைத் தண்ணீரில் குழைப்பதைவிடச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்தால் எண்ணெய் சுலபமாக விடும். வெந்நீரில் குளியுங்கள்.

விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுவதுதான் பெரிய ஆபத்து. தரையில் பழைய துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் நில்லுங்கள். உள்ளங்காலைக் கடைசியாகத் தேய்க்கச் சொன்னதும் இதற்காகத்தான். விடுதியின் வெள்ளைத் துண்டில் எண்ணெய்க் கறை போகாது, காசு கேட்பார்கள். சொந்தத் துண்டு வேண்டும்.

நலங்குமாவு, சீயக்காய் எல்லாம் எங்கே வாங்குவது?

பூங்கா நகர் ராசப்ப செட்டி தெரு. கந்தகோட்டம் முருகன் கோயிலை ஒட்டியே இருக்கிறது, சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம். நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கும். அரைத்துப் பொட்டலம் கட்டிய நலங்குமாவும் உண்டு. வேண்டிய சரக்கைத் தனித்தனியாக நிறுத்து வாங்கியும் போகலாம்: பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போக அரிசி, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ. பயறு பாதி, மற்றதெல்லாம் சேர்த்துப் பாதி என்பது தோராயமான கணக்கு. தோல் வறட்சியானவர்கள் கடலைப்பருப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

"கஸ்தூரி மஞ்சள்" என்று கேட்டு வாங்குங்கள். சமையல் மஞ்சள் போட்டால் முகம் மஞ்சளாகவே இருக்கும், கஸ்தூரி மஞ்சள் அவ்வளவாக ஒட்டாது. அரைத்த மாவு வாங்கினால் ஒரு சிட்டிகையை முகர்ந்து பாருங்கள். புதுசு என்றால் வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் மூக்கில் ஏறும், பழசு என்றால் வெறும் பயற்றமாவு வாசம்தான் வரும்.

மருதாணி வைத்துக்கொள்ள ஆசை. எந்த நேரத்தில்?

முந்தின இரவு. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சவுகார்பேட்டையில் தெருவோரமாகவே உட்கார்ந்து நேர்த்தியாகப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைப் பார்த்ததும் மாலையில் கையை நீட்டிவிடுகிறோம். அப்புறம் சாப்பிடுவது எப்படி? விழுது நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கையில் இருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க ஜிலேபியும் இட்லியும் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கும், இரண்டு கையும் முடங்கிக் கிடக்கும். பெட்டியைத் தூக்க முடியாது, டிக்கெட்டை எடுக்க முடியாது.

கடைசி நாள்தான் முடியும் என்றால் இடது கையில் மட்டும், அதுவும் பிற்பகல் 2 மணிக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்ததும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பஞ்சால் ஒற்றினால் விழுது உதிராது. எடுக்கும்போது கழுவாமல் சுரண்டி எடுத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். முதலில் ஆரஞ்சு நிறம்தான் இருக்கும், ஒன்றிரண்டு நாளில்தான் செம்பழுப்பாக மாறும். ஆகவே ஊர் போய்ச் சேரும்போது நன்றாகச் சிவந்திருக்கும்.

பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று சொல்லும் கோனைத் தொடாதீர்கள். மருதாணிக்குக் கறுப்பு நிறம் கிடையாது. அதில் முடிச்சாயத்தில் போடுகிற பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம், தோல் கொப்பளித்துத் தழும்பாகிவிடும்.

ஆண்களுக்குச் சலூனில் என்ன செய்துகொள்ளலாம்?

கட்டிங், ஷேவிங், தலை மசாஜ். முதலில் ஒரு விஷயம்: செவ்வாய்க்கிழமை பல சலூன்களுக்கு விடுமுறை. ஷேவிங்குக்குப் புது பிளேடை உங்கள் கண் முன்னால் உறை பிரித்துப் போடச் சொல்லுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தலை மசாஜ் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். முடிவில் தாடையையும் தலையையும் பிடித்து "படக்" என்று கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பார்கள். அதை மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் கழுத்தெலும்பின் வழியாகத்தான் போகிறது. திடீர்த் திருப்பலில் அது கிழிந்தால் பக்கவாதம் வரை போகலாம். விரல் நெட்டி, கை நெட்டி எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்லரில்?

பெடிக்யூர் செய்துகொள்ளுங்கள். நாள் முழுக்க நடந்த காலுக்கு அதைவிட நல்லது இல்லை. தொட்டியைக் கழுவித் துடைத்த பிறகு தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள். அன்று காலையில் கால் முடியை ஷேவ் செய்யாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி போகும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நகக்கண்ணை வெட்ட விடக் கூடாது, ஊறவைத்துத் தேய்த்தால் போதும்.

இதுவரை பழகாத ஃபேஷியல், பிளீச், வாக்சிங் மூன்றையும் பயண நாளில் தவிருங்கள். ஒவ்வாமை வந்தால் ராத்திரி ரயிலில் முகம் எரிந்துகொண்டிருக்கும், செய்தவரிடம் திரும்பிப் போகவும் முடியாது. எண்ணெய் மசாஜ் எடுத்தால் குளித்துவிட்டு வரும் வசதி அங்கே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் எண்ணெய் முதுகோடு மாலைக் கூட்டத்தில் நடக்க வேண்டியிருக்கும்.

மதியப் பிரியாணிக்கு எந்தப் பக்கம்?

மட்டன் என்றால் மண்ணடி, பெரியமேடு. மாட்டுக்கறிப் பிரியாணி என்றால் பெரியமேடும் புளியந்தோப்பும். பாய் வீட்டுக் கல்யாணச் சுவையில், தால்சா எனும் பருப்புக் குழம்போ கத்திரிக்காயோ, வெங்காயப் பச்சடியோடு வரும். 12 மணிக்கு முதல் தேக்சாவை (பிரியாணி அண்டாவை) திறக்கும்போது இருப்பதுதான் நல்ல சோறு. 2 மணிக்குமேல் அடியில் இருக்கிற மசாலாவும் எண்ணெயும்தான் தட்டில் விழும், கறித் துண்டும் சின்னதாகிவிடும். அரைத் தட்டு கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில், ஏறக்குறைய 12.30-லிருந்து 2 வரை, மண்ணடியில் பல கடைகள் மூடியிருக்கும். அன்று முன்கூட்டியே போய்விடுங்கள்.

அத்தோ என்றால் என்ன? எங்கே, எப்படிக் கேட்பது?

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, தொழிலும் கடையும் பறிபோய்க் கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. பர்மா பஜாருக்குப் பின்புறம், சென்னைக் கடற்கரை ஸ்டேஷன் எதிரே செகண்ட் லைன் பீச் ரோட்டில் மாலையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். மண்ணடி மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம். வியாசர்பாடியிலும் உண்டு.

வண்டிக்காரர் செய்வதை நின்று பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் வேகவைத்த தட்டை நூடுல்ஸ் ஒரு பிடி. அதன்மேல் மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், மிளகாய்த் தூள், உப்பு, புளித்தண்ணீர், கொத்தமல்லி. கடைசியில் பேஜோ எனும் மொறுமொறு பொரியலை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே ஒரு சுற்று பிசைந்து தட்டில் தள்ளுவார். அடுப்பே கிடையாது. சூடாக வருவது கூடவே கொடுக்கிற வாழைத்தண்டு சூப் மட்டும்தான். அது எவ்வளவு கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள்.

புளிப்பு தூக்கலா, காரம் தூக்கலா என்பதைப் பிசைவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். "காரம் கம்மி, புளி கொஞ்சம் தூக்கலா" என்றால் புரிந்துகொள்வார்கள். நொறுக்கிய பேஜோ இரண்டு மூன்று நிமிடத்தில் நமுத்துவிடும், எனவே படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே சாப்பிடுங்கள். சூப்பிலேயே நூடுல்ஸ் போட்டுத் தருவது மொய்ங்கா, வயிறு சரியில்லாதவர்களுக்கு அது நல்லது, எல்லாம் கொதித்தது. மசாலா முட்டை என்பது அவித்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், மிளகாய்த் தூள், புளித்தண்ணீர் வைத்து நிரப்பியது. அதைக் கடிக்கக் கூடாது. ஒரே வாயில் போட வேண்டும், இல்லையென்றால் எல்லாம் சட்டையில்தான்.

சவுகார்பேட்டையில் எதில் தொடங்குவது?

மின்ட் தெரு, நம் வாயில் தங்க சாலை, கிட்டத்தட்ட தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. முழுதும் நடக்க வேண்டாம். என்.எஸ்.சி. போஸ் சாலை சந்திப்பைச் சுற்றிய பகுதி போதும். இரண்டு பேர் ஒரு தட்டு என்று கணக்கு வைத்தால்தான் நாலைந்து வகை பார்க்க முடியும்.

முதலில் காரம், பிறகு நெய், பிறகு இனிப்பு, கடைசியில் பால். கச்சோரியோ ஆலு டிக்கியோ ஒன்று. பிறகு முறுக்கு சாண்ட்விச்: ரொட்டிக்குப் பதிலாக இரண்டு தட்டையான முறுக்கு, நடுவில் பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி, மசாலாத் தூள், கேட்டால் துருவிய சீஸ். இதையும் வாங்கிய இடத்திலேயே முடித்துவிடுங்கள். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டரின் நெய்ப் பொடி இட்லியும் ஊத்தப்பமும் பேர்போனவை. நெய்யைத் தாராளமாக விடுவார்கள், ஒரு தட்டே இரண்டு பேருக்குப் போதும். மின்ட் தெரு காகடா ராம்பிரசாத்தில் ஜிலேபியை வாணலியிலிருந்து பாகில் போட்டு எடுத்த உடனே வாங்குங்கள். ஜிலேபி மைதா மாவைப் புளிக்கவைத்துச் சுடுவது, நம் ஜாங்கிரி உளுந்து. சூடாக உடைத்தால் "நறுக்" என்று பாகு தெறிக்க வேண்டும். தட்டில் அடுக்கி வைத்த ஜிலேபி ரப்பர்போல இழுக்கும்.

முடிவில் சூடான பாதாம் பாலோ மசாலா பாலோ, மேலே ஆடையோடு. லஸ்ஸியும் பாலும் இரண்டும் வேண்டாம்.

பூண்டு, வெங்காயம் சேர்க்காதவர்களுக்கு?

இந்தப் பகுதி அவர்களுக்குத்தான் சொர்க்கம். "ஜெயின்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இல்லாமல் செய்துகொடுப்பார்கள். அத்தோவை மட்டும் மறந்துவிட வேண்டியதுதான்.

ராத்திரி ரயிலில் வயிற்றைக் கலக்கினால்?

அந்தப் பயம் நியாயமானது, ஆகவே பயண நாளில் பானிபூரித் தண்ணீர், வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ், ஆறிப்போன பால் இனிப்பு நான்கையும் தொடாதீர்கள். எண்ணெயில் பொரித்ததும் கல்லிலிருந்து எடுத்ததும் கொதிக்கிறதும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கெடுப்பது தண்ணீரும், கையால் தொட்டு ஆறவைத்ததும்தான். அத்தோவில் பச்சைக் காய்கறி இருப்பதால் கூட்டம் மொய்க்கிற வண்டியாகப் பாருங்கள், சீவிய முட்டைக்கோஸ் அங்கே மணிக்கணக்கில் கிடக்காது. பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும், ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பொட்டலத்தின்மேல் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி.

பூவும் அத்தரும்?

பூவுக்குப் பூக்கடை, பத்ரியன் தெரு. இரவு ரயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்றால் விரிந்த மல்லியை வாங்காதீர்கள். பச்சை மொட்டாகக் கட்டியதை வாழையிலையில் சுற்றி, ஈரத்துணியில் பொதிந்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்துக் கறுத்துவிடும். மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறைந்து விலை எகிறும், அப்போது ஜாதிமல்லி பாருங்கள்.

அத்தர் மண்ணடியில். 3, 6, 12 மில்லி குப்பிகளில் கிடைக்கும், அதனால் விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுபோகலாம். புறங்கையில் ஒரு சொட்டுத் தடவி, கால் மணி நேரம் சுற்றிவிட்டு வந்து முகருங்கள். முதல் வாசனையை நம்பி வாங்கினால் ஏமாறுவோம். மூன்றுக்குமேல் முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும்.

ஊருக்கு எதைக் கட்டிக்கொண்டு போகலாம்?

ரயில் சாப்பாட்டுக்குப் பொடி இட்லி. நெய்யில் வேண்டாம், ஆறினால் உறையும். நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இட்லியின் இரண்டு பக்கமும் பூசி வாழையிலையில் கட்டினால் மறுநாள் காலை வரை தாங்கும். சட்னி வாங்காதீர்கள், தேங்காய் அரைத்தது நான்கு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். இனிப்பில் காஜு கத்லி, மைசூர்பாகு, சோன்பப்டி தாங்கும். ஜிலேபியும் ரப்டியும் தாங்காது.

கருவாட்டை முதலில் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் உறை, பிறகு மூடி இறுகும் டப்பா. வெறும் பிளாஸ்டிக் மட்டும் என்றால் ஈரம் கோத்து நாற்றம் கிளம்பும். நெத்திலி நன்றாகக் காய்ந்திருந்தால் "சடக்" என்று ஒடியும். வளைந்தால் அரைகுறைக் காய்ச்சல், அதற்குள் பூஞ்சை பிடிக்கும்.

விமானத்தில் ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். கொப்பரைத் தேங்காயை எதிலும் வைக்காதீர்கள், எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஞாயிறு, மழைக்காலம், ரம்ஜான்?

ஞாயிறன்று மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தெருவில் நடக்கச் சுகம், ஆனால் ராசப்ப செட்டி தெரு வேலையைச் சனிக்குள் முடித்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பலத்த மழை பெய்தால் சவுகார்பேட்டைச் சந்துகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும், வண்டிகள் வராது. ரம்ஜான் மாதத்தில் மண்ணடியில் பகல் சாப்பாடு கிடைப்பது அரிது, மாறாக மாலையில் நோன்புக் கஞ்சியும் இரவு முழுக்கக் கறிச் சாப்பாட்டுக் கடைகளும் களைகட்டும். பின்னிரவு விமானம் உள்ளவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

மொத்தமே மூன்று மணி நேரம்தான் இருக்கிறது, மாலை 5-லிருந்து 8 வரை. என்ன செய்யலாம்?

மண்ணடி மெட்ரோவில் இறங்கி 5.15-க்கு அத்தோ, இரண்டு பேருக்கு ஒரு தட்டு, ஆளுக்கொரு மசாலா முட்டை. 6 மணிக்குப் பத்ரியன் தெருவில் பூ. என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாக நடந்தால் 6.30-க்கு நெய் இட்லி. 7 மணிக்கு ஜிலேபி, நின்றபடியே. 7.15-க்குப் பாதாம் பால். 7.30-க்குச் சென்ட்ரலை நோக்கி நடையைக் கட்டுங்கள். பார்லரையும் சலூனையும் விட்டுவிடுங்கள்.